நாலு போனில் முதலிடம்

எனக்கு எழுத வராது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற ஆள் நான். விவரம் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் எழுத வந்ததற்குப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். சமையல் அக்காவுக்கு நடந்ததை வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

காரைக்குடியில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற பழைய வீடு ஒன்றில் விரிப்பு துவைத்து இஸ்திரி போடுவது அன்றும் இன்றும் என் வேலை. போன வருடம் முழுக்கக் காலை ஏழு மணிக்கு மேனேஜர், வாட்ச்மேன், அக்கா, நான் என்று நாலு பேரும் முகப்பில் நின்று போனை எடுப்போம். அக்காவின் போன் திரையில் எப்போதும் மாவு விரல் பட்ட வெள்ளைத் தடம் இருக்கும். ‘காரைக்குடி தங்கும் வீடு’ என்று தேடி, வருகிற பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயரை அமுக்க வேண்டும். வெப்சைட் போட்டுக் கொடுத்த மதுரைக்காரன் சொன்ன யோசனை அது. அமுக்க அமுக்கப் பெயர் மேலே ஏறுமாம். ஏறியது. கொஞ்ச நாளிலேயே நாலு போனிலும் நாங்கள்தான் முதலிடம். மேனேஜர் கை தட்டினார்.

"ஏத்தா, நம்மள நாமளே தேடிக்கிட்டு நிக்கிறோமே, நாம என்ன தொலைஞ்சா போனோம்?" என்று அக்கா என் காதில் சொல்வார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

ஆனால் அறைகள் காலியாகவே கிடந்தன. மதுரைக்காரன் மாதாமாதம் ஒரு படம் அனுப்புவான். வெப்சைட்டுக்குத் தினமும் தவறாமல் ஆள் வருகிறது என்று அதில் கோடு போட்டுக் காட்டியிருக்கும். மேனேஜர் அதை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார். முதலிடத்தில் இருக்கிறோம், ஆள் வந்து பார்க்கிறது, பார்த்துவிட்டு ஓடுகிறது. அப்படியானால் குறை அங்கே போட்டிருக்கும் படங்களில்தான். படங்களில் பாதி அக்காவின் சாப்பாடு.

"அக்கா, கோவிச்சுக்கிறாதீக. ஒங்க சாப்பாட்டப் பாத்துட்டுத்தான் ஆளுக ஓடுறாக. இந்த மாசத்தோட நின்னுக்கங்க" என்றார்.

பதினோரு வருடம் அந்த அடுப்பில் நின்றவர். அவர் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. அன்று மத்தியானம் அக்கா குழம்பை மூன்று தடவை ருசி பார்த்தார். அதற்கு முன் அவர் ருசி பார்த்து நான் கண்டதில்லை.

மாதக் கடைசி நாளில் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்து இறங்கினார். குன்றக்குடிக் கோயிலில் யாரோ வழி சொல்லி வந்தவர்கள். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "போன்ல தேடுனப்ப இந்த வீடு கண்ணுலயே படலீங்களே" என்றார். மகள் தன் போனில் தேடிக் காட்டினாள். பெரிய பெரிய ஓட்டல்களாக வந்தன. அடுத்த பக்கத்திலும் நாங்கள் இல்லை. அதற்கும் அடுத்த பக்கத்தில், அடியில் இருந்தோம்.

"நீங்க தினமும் அமுக்குறதைத்தானுங்க உங்க போன் மேல காட்டுது. மத்தவங்களுக்கு அப்படி வராதுங்க. மூணாவது பக்கம் வரைக்கும் யாருங்க போறாங்க?" என்றாள்.

அந்தக் கோட்டில் தினமும் வந்துபோன ஆட்கள் நாங்கள் நாலு பேர்தான். எங்கள் விரலையே எண்ணி எங்களுக்கே அனுப்பியிருக்கிறான் மதுரைக்காரன். வெளியூர்க்காரர்கள் மேலே இருக்கிற நாலைந்து பெயரோடு முடித்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பவர் கதவைத் திறந்து வைத்தாலும் ஒன்றுதான், பூட்டி வைத்தாலும் ஒன்றுதான். யார் கண்ணிலுமே படாத சாப்பாட்டைப் பார்த்து யார் ஓடியிருக்க முடியும்? எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

அந்தப் பெண்ணின் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். கூப்பிடாமல் நானாக அங்கே போனது அன்றுதான். போனை நீட்டினேன். தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் சுருங்கியது. அவருக்குப் புரிந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன்.

"சார், அக்காவ அனுப்பாதீக. அவுக மேல தப்பு இல்ல."

"இவுக போன்ல என்னமோ கோளாறு. நாமதான் மொத எடம்னு மொதலாளிக்குப் போன வாரந்தான் சொல்லியிருக்கேன். நீக போயி துணியப் பாருங்க."

நான் போய்த் துணியைப் பார்த்தேன். அவர் மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேலும் வருகிறது. முற்றத்தில் நின்று கத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை அக்கா புதுவயல் பஸ் ஏறி, ஒரு ரைஸ் மில்லில் ஆட்களுக்குச் சமைக்கப் போனார். மேனேஜருக்கும் கோயம்புத்தூர் அம்மாவுக்கும் கடையிலிருந்து இட்லி வந்தது.