ஏழும் ஆறும்

பல்லக்காவிடம் நூற்றுநாற்பத்து மூன்று ஆமைகள் இருந்தன. சிரிக்கிற ஆமை, தொப்பி போட்ட ஆமை, கண்ணடிக்கிற ஆமை எதுவும் அதில் சேர்த்தி இல்லை. அப்படிப்பட்டவை அவள் வீட்டு வாசற்படியை மிதிக்க முடியாது. நகம் நகமாகவும் அலகு அலகாகவும் இருக்கவேண்டும்; முதுகோட்டில் தகடுகளின் கணக்கு பிசகாமல் இருக்கவேண்டும். விரல் நீளப் பொம்மையானாலும் அவள் எண்ணிப் பார்க்காமல் விட்டதில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லக்காதான். வீட்டின் கீழ்த்தளத்தில் அவளும் தம்பியும் பல் லேப் நடத்தினார்கள். மருத்துவர்கள் நோயாளிகளின் வாய் அச்சை எண் போட்ட பையில் அனுப்புவார்கள். இவர்கள் அதற்குப் பல்செட் கட்டி அதே எண்ணில் திருப்பி அனுப்புவார்கள். இருபத்தெட்டு வருடமாக முகம் தெரியாத வாய்களோடு பிழைப்பு. அந்த வாய்களில் ஒன்றுகூட வலமும் இடமும் ஒத்து இருந்ததில்லை என்பாள். தம்பி ஸ்கேல் வைத்து இருபக்கமும் ஒன்றுபோலக் கட்டுவான். ஆட்களும் அதையே விரும்பினார்கள்.

ஆமைப் பித்து வந்தது ஒரு மருத்துவர் மேசையிலிருந்து. பதினோரு வருடம் முன்பு காத்திருந்த நேரத்தில், அங்கே காகிதத்துக்குப் பாரமாக இருந்த, அழுங்காமை என்ற கடலாமையின் பொம்மையை எடுத்துப் பார்த்தாள். நடுவரிசைக்கு இரண்டு பக்கமும் ஐந்தைந்து தகடுகள். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால் நான்குதான். "பார்க்காமலேயே செய்யறானுங்க" என்றாள் கணவரிடம். அவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். இனி எதையும் எண்ணுவதில்லை என்று சத்தியம் செய்தவர். "ஒண்ணு கூடத்தானே குடுத்திருக்கான், வச்சுக்கயேன்" என்றார்.

அவளால் வைத்துக்கொள்ள முடியவில்லை. சரியானது எங்காவது இருக்கும் என்று இன்னொன்று வாங்கினாள். அதில் அலகு தவறு. அடுத்ததில் முன்துடுப்பில் நகமே இல்லை. ஒரே இன ஆமையை எட்டுக் கம்பெனி செய்திருந்தால் எட்டையும் வரிசையாக வைத்து, பல் அளக்கிற கருவியால் அளந்து, நோட்டில் எழுதினாள். அந்த நோட்டைப் படித்தால் பொழுதுபோக்கு மாதிரி இருக்காது. போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கவேண்டிய புகார் மாதிரி இருக்கும்.

பொம்மை செய்த இவ்வளவு பேரில் ஒருவன் மட்டும் அவள் திட்டிலிருந்து தப்பித்தான். அவன் யாரென்று தெரியாது. மீன்தொட்டிக் கடைக் கூடையில் கிடந்தது, இன்னொரு கடலாமை இனமான பங்குனி ஆமை. உள்ளங்கை நீளம், வயிற்றில் கம்பெனிப் பெயர்கூடக் கிடையாது. இடது பக்கம் ஏழு தகடு, வலது பக்கம் ஆறு. முதலில் அவளும் திட்டத்தான் வாயைத் திறந்தாள். பிறகு ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தின் கையேட்டில் படித்தாள்: இந்த இனத்துக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம். அப்படியானால் இதைச் செதுக்கியவன் நிஜ ஆமை ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை அப்படியே செய்திருக்கிறான். அன்று அவள் யாரையும் திட்டாமல் சாப்பிட்டாள். உடம்பு சரியில்லையா என்று கணவர் கேட்டார்.

அந்த ஆமையைத்தான் பட்டியல் சார் கடைசி இடத்தில் எழுதினார்.

அவளைப் போலவே ஆமைப் பித்துப் பிடித்த பத்தொன்பது பேர் வருடத்துக்கு ஒருமுறை நூலகத்தின் மாடியில் கூடுவார்கள். விற்பது வாங்குவது கிடையாது. மேசைமேல் வைத்து, எண்ணி, ஒப்பிட்டு, இனவாரியாக இடம் கொடுப்பார்கள். எழுதுகிறவர் பட்டியல் சார். முப்பது வருடம் நிலம் அளந்து ஓய்வுபெற்றவர். போன வருடம் அவர் எழுதிய வரி இது: "பங்குனி ஆமை. செய்தவர் தெரியவில்லை. இடது ஏழு, வலது ஆறு. அச்சுப் பிழை. இடம்: கடைசி." இரண்டு பக்கமும் ஆறாறாக, இஸ்திரி போட்டது போலிருந்த பெரிய கம்பெனி ஆமைக்கு முதலிடம்.

இடம் போனது அவளுக்கு உறைக்கவில்லை. 'பிழை' என்ற சொல்தான் உறைத்தது. பார்த்துச் செய்த ஒரே ஆளைப் பார்த்துப் பிழை என்கிறார்கள். அன்றே சண்டை போட்டாள். "ஆதாரத்தோட வாங்க. பொம்மையும் வரணும், ஆதாரமும் வரணும். மேசைமேல இருக்கறதைத்தான் எழுதுவோம்" என்றார் அவர். அந்தச் சொல்லை அடிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அவள் ஆராய்ச்சி நிலையத்துக்கு மூன்று கடிதம் போட்டாள். நான்காவது மாதம் முத்திரையோடு பதில் வந்தது, பதினான்கு புகைப்படங்களும் வந்தன. ஒரு வருடமாக லேப்பில் வேறு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

சனிக்கிழமை காலை ஆமையைக் கீழே கொண்டுவந்து, தகட்டுக் கோடுகளில் இருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டினாள். போன வருடப் பட்டியலின் நகலில் 'அச்சுப் பிழை' என்ற இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். இரண்டையும் ஒரு தட்டில் வைத்தாள். அப்போது பார்த்து ஒரு மருத்துவர் கூப்பிட்டார். பல்செட் நோயாளியின் வாயில் சரியாக உட்காரவில்லை, உடனே வரவேண்டும் என்றார். போனாள்.

திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, கண்ணை மூடு."

"வேலையைப் பாருடா."

"மூடேன், ஒரு நிமிஷம்."

அவள் மூடவில்லை. அவன் ஆமையை அவள் உள்ளங்கையில் வைத்தான். "எண்ணு" என்றான்.

எண்ணினாள். இடது ஏழு. வலது ஏழு. மறுபடி எண்ணினாள்.

"வலது பக்கம் ரெண்டாவது தகடு அகலமா இருந்துச்சு. மேலே இழைச்சு எடுத்துட்டு, அக்ரிலிக் வச்சு ரெண்டாப் பிரிச்சேன். நிறம் கலக்கத்தான் உயிர் போச்சு. எங்கே கை வச்சிருக்கேன்னு சொல்லு பார்ப்போம்."

அவளால் சொல்ல முடியவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

"யாருடா உன்னைத் தொடச் சொன்னது?"

"நீதான். நீலத் தட்டுல வச்சிருந்தே."

நீலத் தட்டில் வருவது ரிப்பேர். வெள்ளைத் தட்டில் வருவது புதுசு. கூட ஒரு சீட்டு இருக்கும். சரிசெய்ய வேண்டியதைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கும். கேள்வி கேட்காமல் செய்து முடிப்பதுதான் லேப்பின் வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளே அவள்தான்.

"சீட்டு வேற இருந்துச்சு" என்றான் தம்பி. "இடது ஏழு, வலது ஆறு, பிழைன்னு. நாளைக்குக் கூட்டம்னு தெரியும், அக்கா அவசரத்துல சொல்ல மறந்துட்டுப் போயிட்டாளோன்னு நெனச்சேன்."

"அது பிழை இல்லைன்னு ஒரு வருஷமா இதே இடத்துல நின்னு கத்திக்கிட்டிருக்கேன்."

"நீ எப்பவும் கத்திக்கிட்டுத்தானே இருக்கே. எதுக்கு எந்தக் கத்தல்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு எல்லாமே ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்."

"கேக்கறவங்க அப்படித்தானே கேக்கறாங்க."

"ஆமை கேட்டுச்சாடா?"

அவன் முகம் விழுந்தது. "வச்சதை எடுத்துடலாம். ஆனா அடியில இருந்த தகட்டை இழைச்சாச்சு. வேணும்னா பழைய மாதிரியே ஒரே தகடாச் செதுக்கித் தரேன். ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது" என்றான்.

"நீ செதுக்கினா அது நீ செஞ்ச ஆமை. அவன் பார்த்த ஆமை இல்ல."

"எவன்?"

"போடா."

நீலத் தட்டை எடுத்து வைத்த கை தன் கை என்பதை அவள் சொல்லவில்லை. அன்று முழுக்க அவளோடு பேசியவர்கள் எல்லோருக்கும் அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. கணவர் மட்டும் துணிந்து, "நாளைக்குப் போய் எதைக் காட்டுவே?" என்று கேட்டார். "இருக்கறதைக் காட்டுவேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் அவள் முறை வந்தபோது மணி பதினொன்று. பட்டியல் சார் ஆமையைத் தன் பக்கம் இழுத்து, ஊசி முனையால் ஒவ்வொரு தகடாகத் தொட்டு எண்ணினார். இடது பக்கம் முடித்தார். வலது பக்கம் ஏழாவதில் நின்று, திரும்ப முதலிலிருந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, போன வருஷம் நான் தப்பா எண்ணிட்டேன் போலிருக்கு."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"முப்பது வருஷம் நிலம் அளந்தவன். ஆறுக்கும் ஏழுக்கும் தடுமாறியிருக்கேன். மன்னிச்சுக்குங்க. 'பிழை'யை அடிச்சுடறேன். வேலைப்பாட்டைப் பார்த்தா ரெண்டாவது இடம் தாராளமாத் தரலாம்."

பக்கத்தில் இருந்த தையற்காரம்மா, "வாங்கிக்கோங்க பல்லக்கா. ஒரு வருஷம் கத்தினதுக்குக் கூலி" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஆராய்ச்சி நிலையத்தின் கடிதம் இன்னும் பையை விட்டு வெளியே வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை போலிருந்தது. அவர் பேனாவைத் திறந்துவிட்டார். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் அந்தச் சொல் போய்விடும். அவள் கேட்டது அதைத்தான்.

"நீங்க சரியாத்தான் எண்ணினீங்க" என்றாள்.

"என்னம்மா?"

"போன வருஷம் எண்ணினது சரி. எழுதினதுதான் தப்பு. ஏழும் ஆறும்தான் இருந்துச்சு. இது நேத்து என் தம்பி வச்சது."

அவர் லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "நம்பவே முடியலையே. பிரமாதமா செஞ்சிருக்கார்" என்றார்.

"அவனைப் பாராட்டவா நான் பஸ் ஏறி வந்தேன்?"

கடிதத்தையும் பதினான்கு படங்களையும் மேசைமேல் போட்டாள். போட்ட வேகத்தில் இரண்டு படம் கீழே விழுந்தது. தையற்காரம்மா குனிந்து எடுத்து வைத்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. பட்டியல் சார் ஒவ்வொரு படத்திலும் ஊசி வைத்து எண்ணினார். ஆறும் ஏழும். ஏழும் எட்டும். ஒன்றில் ஆறும் ஆறும்.

"ஒத்துக்கறேன்" என்றார். "இது எனக்குத் தெரியாது. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்கு. ஏழும் ஆறும் இருந்த ஆமை இன்னிக்கு மேசைமேல இல்லையே."

"போன வருஷம் இருந்துச்சு. இதே மேசை. எண்ணினது நீங்க. எழுதினதும் உங்க கை. உங்க எண்ணிக்கையை நீங்களே நம்ப மாட்டீங்களா?"

அவர் போன வருடப் பக்கத்தைப் புரட்டினார். தன் கையெழுத்தைத் தானே படித்தார். பிறகு 'அச்சுப் பிழை' என்பதன்மேல் அடிக்கோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார். "சரிதானேம்மா?" என்று நோட்டை மூடப் போனார்.

"இருங்க. இன்னிக்குத் தேதி போட்டு இன்னொரு வரி எழுதுங்க."

"என்னன்னு?"

"இடது ஏழு, வலது ஏழு. பிழை. இடம் கடைசி."

"அம்மா, சொந்தப் பொம்மையைப் பிழைன்னு எழுதச் சொல்லி இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லை."

"மேசைமேல இருக்கறதைத்தானே எழுதுவீங்க? இருக்கு. எழுதுங்க."

எழுதினார். செய்தவர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. "இதுல யார் பேரைப் போடறது? பழையபடி தெரியலைன்னு போட்டுடவா?"

"ஏன் தெரியாது? நல்லாத் தெரியும்" என்றாள் பல்லக்கா.

தம்பியின் பெயரை இனிஷியலோடு, எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதி முடித்ததும் லேப்பின் முகவரியையும் கீழே சேர்க்கச் சொன்னாள்.