மன்னிக்க ஒன்றுமில்லையாம்

என் அக்கா புருஷன் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நின்றே தலை நரைத்தவர். வாராவாரம் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. “குழலுக்குள்ள எலி குடும்பம் நடத்தப்போகுது, பாத்துக்கோ” என்று கேஷியர் கிண்டலடித்தால் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவார். அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிய மனுஷன்.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் உள்ளே புகுந்து கேஷியர் கழுத்தில் கத்தியை வைத்தான். மச்சான் சுட்டார். பையன் அங்கேயே போய்ச் சேர்ந்தான்.

ஊரே மச்சானைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. எங்கள் மாதா கோயிலில் பாராட்டு விழா என்று ஞாயிறு பூசையில் அறிவித்தார்கள். கொலை செய்யாதே என்ற கட்டளையை எங்களுக்கு உருப்போட வைத்த அதே கோயில்தான்.

மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்:

“மாப்ளே, அவன் கத்தியைக் கீழ போட்டுட்டான். கையையும் தூக்கிட்டான். அதுக்கப்புறம்தான் சுட்டேன்.”

“பயத்துல நடந்திருக்கும் மச்சான், விடுங்க.”

“பயமில்லடா. ஆத்திரம்.”

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். நான் வெளியே காத்திருந்தேன். முகம் செத்துப்போய் வந்தார்.

“சாமி என்ன சொன்னாரு?”

“தற்காப்பு பாவமில்லையாம். மன்னிக்க ஒண்ணுமில்ல, நிம்மதியா தூங்குங்கறாரு.”

“கத்தியைப் போட்டதைச் சொன்னீங்களா?”

“சொன்னேன். அதிர்ச்சியில அப்படித் தோணுமாம். விழாவுக்கு நல்ல சட்டையா போட்டுட்டு வரச் சொன்னாரு.”

சின்ன வயதில் பேனா திருடியதற்கு என்னை முட்டி தேய ஜெபம் பண்ண வைத்தார்கள். ஒரு உயிருக்கு ஒன்றுமில்லையாம்! போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார் மச்சான். கேஸை மூடியாச்சு, சும்மா இருங்க என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் அந்தப் பையனின் அம்மாவைத் தேடிப் போனோம். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவள். எங்கள் கோயில்தான், கடைசி பெஞ்சில் உட்காருவாள். ஒற்றை அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

“கையைத் தூக்கினானா?”

“தூக்கினாம்மா.”

“அப்புறமுமா சுட்ட?”

“ஆமா.”

“நீ கொலைகாரன்டா. உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன். போயிடு.”

திரும்பும்போது மச்சான் சொன்னார்: “அவங்க ஒருத்தங்கதான் மாப்ளே, நான் சொன்னதைக் காதுல வாங்கினாங்க.”

விழாவுக்கு மச்சான் போகவில்லை. கேடயத்தை அக்கா போய் வாங்கி டிவி மேல் வைத்தாள். அடுத்த வாரம் பூசை முடிந்ததும் அந்த அம்மா எழுந்து, “என் பிள்ளை கையைத் தூக்கினவன்” என்று சத்தமாகச் சொன்னாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

“அவங்க சொல்றது நிஜம்” என்று மச்சானும் எழுந்து நின்றார்.

சாமி இறங்கி வந்து அவர் தலையில் கை வைத்தார். பாவம், இவர் மனசு இன்னும் ஆறவில்லை என்றார். எல்லோரும் முழங்காலில் நின்று மச்சானுக்காக ஜெபம் பண்ணினார்கள். அந்த அம்மா மட்டும் முழங்கால் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.