செவ்வாய், வெள்ளி மாத்திரை

வாரத்துக்கு இரண்டே மாத்திரை. இதில் என்ன தப்பு செய்துவிட முடியும்? எங்கள் வீட்டில் முடியும்.

என் மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி. அது வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருந்ததில் ஐம்பது வயதில் எனக்குக் கையும் காலும் பெரிதாக ஆரம்பித்தன. கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தும் கட்டியில் கொஞ்சம் மிச்சம். ஹார்மோனைக் குறைக்க டாக்டர் இந்த மாத்திரையை எழுதினார். மூளையில் சுரக்கும் டோபமின் செய்கிற வேலையைச் செய்து சுரப்பியை அடக்குமாம். அடங்காவிட்டால் மறுபடியும் ஆபரேஷன் என்றார்.

நாங்கள் குடியிருக்கும் மௌலா அலி பகுதியின் மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சிரித்து, "பச்சா கித்னே மஹீனே கா, அம்மா?" என்றார். குழந்தைக்கு எத்தனை மாதமாம்! தாய்ப்பாலை நிறுத்தவும் இதே மாத்திரைதானாம். "பச்சா நக்கோ பையா, கோலி தேவ்" என்று, குழந்தை வேண்டாம், மாத்திரையைக் கொடு என எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி, பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன்.

என் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் ரிட்டயர் ஆனவர். யோசனைக்குப் பஞ்சமில்லை. "செவ்வாய், வெள்ளின்னு வச்சுக்கோ. அந்த ரெண்டு நாளை நீ மறக்கவே மாட்டே" என்றார். உண்மைதான். முப்பது வருஷமாக அந்த இரண்டு நாளும் முருகனுக்காக எனக்கு விரதம், ராத்திரி ஒரு டம்ளர் பால்தான். நானும் தலையை ஆட்டினேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். மாத்திரை போட்ட அரை மணியில் வீடே சுற்றும், அப்புறம் வாந்தி. இப்படியே மூன்று மாதம்.

ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் குறையவே இல்லை. டாக்டர் ஆபரேஷன் பேச்சை எடுத்தார். நல்லவேளை, வாந்தி வருவதைச் சொன்னதும் "என்ன சாப்பிட்டுட்டு மாத்திரை போடறீங்கம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். விரதம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதியிருக்கேனே!" எழுதித்தான் இருந்தது.

"பால் சாப்பாட்டுல சேராதா டாக்டர்?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம், அதற்கும் கேட்காவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்ததும் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

"இன்னைக்குச் செவ்வாய்டி!" என்று பதறினார்.

"முருகன் மூக்குக்குள்ளயா கத்தி விட்டாங்க?" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, ரசத்தைப் பிசையும் முன் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாப்பிட்டேன், மாத்திரையை விழுங்கினேன். அன்றைக்குத்தான் அது வயிற்றில் தங்கியது.