பாடம் தவிர வேறென்ன செய்தான்?

கணக்கு வாத்தியார் உத்தியோகத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பது சுலபம். மற்றதுதான் ஆளைத் தின்றுவிடும். என்னைப்போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையைப் பெற்றுவிட்டு விழிக்கிறவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. படுகிறவர்களுக்குத் தெரியும்.

வேலூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த சின்னக் காலேஜில் இண்டர்மீடியட் வரைதான் உண்டு. அதற்கு மேல் கணிதத்தில் ஆனர்ஸ் படிக்க ஆசைப்பட்டால் சென்னைப் பட்டணம் போக வேண்டும். அங்கே அந்த வகுப்பில் இடங்கள் மிகவும் குறைவு. மாகாணம் முழுவதிலிருந்தும் பையன்கள் மனுப்போடுவார்கள். எல்லோருமே கணக்கில் நல்ல மார்க்கு வாங்கியவர்கள். பிறகு எதை வைத்துக் கழிப்பது? அதற்காகவே மனுவில் ஒரு கேள்வி இருந்தது: பாடம் தவிர இந்த மாணவன் உருப்படியாக வேறென்ன செய்திருக்கிறான்? என் உத்தியோகத்தில் பாதி அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியதிலேயே போயிற்று.

மிச்ச நேரம்

முதலில் அடிபட்டவன் வரதன். வாலாஜாபேட்டை நெசவுக்காரர் ஒருவரின் மகன். ஜியாமிதியில் நான் கரும்பலகையில் ஒரு வழி காட்டினால், அவன் எழுந்து அதைவிடச் சின்ன வழி ஒன்று காட்டுவான். அவனுக்குச் சென்னையில் இடம் நிச்சயம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

சென்னையில் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காலேஜ் விட்டதும் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் அப்பாவுக்குத் தறியில் ஒத்தாசை செய்வேன், அப்புறம் கணக்குப் போடுவேன் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறான். விளையாட்டு உண்டா, சங்கம் உண்டா, மேடையில் பேசியதுண்டா என்று கேட்டதற்கெல்லாம் இல்லை என்றே சொல்லியிருக்கிறான். இடம் கிடைக்கவில்லை. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டான். எங்கள் பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டனுப்பி, பையன்கள் பாடத்துக்கு வெளியே என்னென்ன செய்ய வேண்டும் என்று யோசித்து ஏற்பாடு பண்ணுவது இனி என் வேலை என்றார். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பையனும் அதைத்தானய்யா அங்க போய்ச் சொன்னான்."

ஜாஸ்தியும் கம்மியும்

விளையாட்டுதான் பெரிய சிபாரிசு என்று சென்னை போய்வந்த எல்லோரும் சொன்னார்கள். பாலாற்று மணலை ஒட்டி இருந்த மேட்டில் கிரிக்கெட் ஆட்டம் ஆரம்பமாயிற்று. அந்த வருஷத்து மனுவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவன் கரீம். அவன் தகப்பனார் பேரணாம்பட்டில் தோல் மண்டி வைத்திருந்தார். கரீம் பெரிய பெருக்கல்களை மனசிலேயே போடுவான். ஆனால் ஓடச் சொன்னால் காலை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து வைப்பான்.

பரீட்சை நெருங்கும் சமயத்தில் ஒரு பந்தைப் பிடிக்கப் போய், தடுமாறி, வலது மணிக்கட்டின் மேலேயே விழுந்தான். எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு பரீட்சை எழுத முடியாது. ஒரு வருஷம் போயிற்று. அடுத்த வருஷம் மண்டியில் வியாபாரம் சரிந்துவிட்டது, பையனை அங்கேயே உட்காரவைத்துவிட்டார்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் பார்க்கப் போனபோது தகப்பனார் கோபித்துக்கொள்ளவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார், உடம்பு எப்படி என்று விசாரித்தார். நான் கிளம்பும்போதுதான் கேட்டார்: "நம்ம புள்ள கணக்குல ஜாஸ்தி, ஓட்டத்துல கம்மி. ஜாஸ்தியா இருக்கறத வுட்டுட்டு, கம்மியா இருக்கறத ஏன் சாப் பெருசாக்கப் பாத்தீங்க?"

எல்லோரும் செக்ரடரி

அதற்குப் பிறகு எலும்பு முறியாத காரியமாக ஒன்று தேடினேன். கணிதச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பையன் ஒரு புதுக் கணக்கைப் பற்றிப் பேச வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். முதல் கூட்டத்துக்கு நல்ல கும்பல். ஆனால் மனுவில் சங்கத்தின் அங்கத்தினர் என்று எழுதினால் எடுபடாது, பதவி வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டுவிட்டார்கள். தலைவர், உபதலைவர், செக்ரடரி, துணைச் செக்ரடரி, பொக்கிஷதார், புத்தகப் பொறுப்பு என்று பதவிகள் வளர்ந்தன. பொக்கிஷமும் கிடையாது, புத்தகமும் கிடையாது. கூட்டத்தில் கணக்கைப் பற்றிப் பேச நேரமில்லாமல் யார் பெயர் முதலில் வரும் என்ற சண்டையிலேயே பொழுது போயிற்று.

கடைசியில் பதவியில்லாமல் ஒரே ஒரு பையன் மிஞ்சினான். அவன் பெயர் சாலமோன். ஆம்பூரிலிருந்து வந்து படித்தவன், கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பான். பாவமாக இருக்கிறதே என்று அவனுக்கும் ஒரு பதவி கண்டுபிடிக்கப் பார்த்தேன். அவன் எழுந்து நின்று, மெதுவாகச் சொன்னான்: "வேணாம் சார், நான் இப்டியே இருந்துட்றேன். பேசறத யாராவது ஒருத்தர் கேக்கணும் இல்ல."

மலையடிவாரத்தில்

பொதுச்சேவைக்கு நல்ல மதிப்பு உண்டு என்று பிரின்ஸிபால் கேள்விப்பட்டார். மலைக்கோயில் திருவிழா ஒன்றுக்குத் தொண்டர்படையாகச் சில மாணவர்கள் புறப்பட்டார்கள். அதில் முனிரத்தினம் முக்கியமானவன். சோளிங்கர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். சென்னைக்குப் போயே தீருவது என்று இருந்தான். மனுவில் எழுத நாலு வரி வேண்டும், அதற்காகத்தான் வருகிறேன் என்று என்னிடம் ஒளிக்காமலே சொன்னான்.

திருவிழாவில் காலரா கண்டுவிட்டது. கூட்டம் சிதறி ஓடியது, வண்டிக்காரர்கள் நோயாளிகளை ஏற்ற மறுத்தார்கள். மற்ற பையன்களை ஊருக்கு அனுப்பிவிட்டோம். முனிரத்தினம் மட்டும் போக மறுத்துவிட்டான். கணக்கில் கெட்டிக்காரன் என்று யாரோ சொல்லவே, அங்கே வந்திருந்த டாக்டர் அவனை நோயாளிகளைப் படுக்கவைத்திருந்த கொட்டகை வாசலில் நிறுத்தி, உள்ளே வருகிறவர்களையும் வெளியே தூக்கிப்போகிற பிணங்களையும் எண்ணி வைக்கச் சொன்னார். திரும்பி வந்தவனுக்குப் பிரின்ஸிபால் தன் கையாலேயே நற்சாட்சி எழுதிக் கொடுத்தார். அந்தத் தடவை மனு போட்டவர்களில் அதைவிடப் பெரிய சேவை செய்தவன் எவனும் இருந்திருக்க மாட்டான்.

ஆனால் அவன் மனுவே போடவில்லை. நான் அவன் கிராமத்துக்குப் போய்க் கேட்டேன். கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்காமலே சொன்னான்: "எண்ணுன்னாலே இப்ப எனக்கு அந்தக் கொட்டாய்தான் சார் ஞாபகம் வருது."

கடப்பைக் கல்

சாலமோன் சனி, ஞாயிறு ஆம்பூருக்குப் போய்விடுவான். அங்கே என்ன செய்கிறான் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் நான் வேறு வேலையாக ஆம்பூர் போயிருந்தேன்; தோல் பதனிடுகிற டேனரி ஒன்றின் வழியாக நடந்தபோது அவனைக் கண்டேன். அவன் அப்பா அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை மிதித்துப் புரட்டுகிற ஆள். பையனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆவாரம்பட்டைத் தண்ணீரிலிருந்து தோலைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. நான் போகாமல் நின்றதால் வேறு வழியின்றி உள்ளே கூட்டிப்போய் ஒன்று காட்டினான்.

தோல் காயவைக்கிற இடத்தில் தரை முழுக்கச் சதுரச் சதுரமாகக் கடப்பைக் கல் பதித்திருந்தார்கள். அதன்மேல் ஒரு தோலை விரித்துப் போட்டு, அது எத்தனை கல்லை மூடுகிறது என்று பார்த்திருக்கிறான். ஓரத்தில் கல் பாதியும் காலுமாக மூடியிருக்குமே, அங்கே சாக்கட்டியால் சின்னச் சதுரம் போட்டிருக்கிறான். அதற்கும் ஓரத்தில் இன்னும் சின்னது. இப்படிச் சின்னதாக்கிக்கொண்டே போனால் வடிவமே இல்லாத தோலுக்கும் பரப்பு சரியாகக் கிடைத்துவிடுமா, அது எங்கே போய் நிற்கும் என்று என்னைக் கேட்டான். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது ஆனர்ஸ் வகுப்பில் பெரிய புத்தகங்களில் வருகிற விஷயம். இந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இத்தனை வருஷமாக நான் எங்கெங்கோ தேடிய பதில் இதுதான், இதை அப்படியே மனுவில் எழுது என்றேன். அவன் மாட்டேன் என்றான். நான் விடாமல் வற்புறுத்தினேன். அவன் கையைச் சாக்குத்துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்: "எழுதினா கணக்கைப் படிக்க மாட்டாங்க சார், நான் இன்னா சாதின்னுதான் படிப்பாங்க."

நகம்

அந்த இடத்தை வெறுமையாக விட்டேதான் அவன் மனு போனது. இருந்தாலும் மார்க்கைப் பார்த்து நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். நானும் கூடவே ரயிலேறிப் போனேன். உள்ளே நடந்ததை அவன் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு வயதான கணிதப் பேராசிரியரும் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் தவிர ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்டதற்கு இவன் விரலைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறான். பேராசிரியர் அவன் விரலைப் பார்த்துவிட்டார். பட்டைத் தண்ணீரில் ஊறிய நகம் செம்பழுப்பாகவே இருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. சாயமா என்று கேட்டார். இவனுக்குப் பொய் வரவில்லை, டேனரி வேலையையும் கடப்பைக் கல்லில் தோலின் பரப்பை அளந்ததையும் சொல்லிவிட்டான். பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாராம். பேராசிரியரோ சாக்கட்டியை இவன் கையில் கொடுத்து, அந்தத் தோலைப் பலகையில் வரையச் சொன்னார்.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்து பேராசிரியரே வெளியில் வந்தார். கையெல்லாம் சாக்கட்டிப் பொடி. நான் எழுந்து நின்றேன். இப்படி ஒரு பையனைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "இடம் கொடுத்தாச்சு. ஹாஸ்டல்ல என்ன சொல்லுவாளோ, அது என் கையில இல்ல."

கிறிஸ்துமஸ் லீவு

லீவுக்கு ஆம்பூர் வந்த சாலமோன் என்னைப் பார்க்க வேலூருக்கு வந்தான். இளைத்திருந்தான். ஹாஸ்டலில் ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டே போனதால், ராயபுரத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கியிருக்கிறானாம். அங்கிருந்து காலேஜுக்கு நடந்தே போய்வருகிறான். கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் முகம் மாறிவிட்டது. அந்தப் பழைய கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது என்று சொல்லி, என் வீட்டுத் தரையில் விரலாலேயே எழுதிக் காட்டினான். எனக்குப் பாதிதான் புரிந்தது. வகுப்பில் முதல் இடத்தில் இருக்கிறான் என்பதை நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னான்.

அவ்வளவு பெரிய காலேஜில் டென்னிஸ் உண்டு, பேச்சுச் சங்கம் உண்டு, படகுகூட உண்டு என்று கேள்வி. அதனால், வகுப்பு விட்டதும் நீ எதில் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டேன். அவன் சிரித்தான். வருத்தப்பட்டுக்கொண்டு சொன்ன மாதிரிகூடத் தெரியவில்லை: "கிளாஸுக்கு வெளிய என்னை யாரும் எதுக்கும் கூப்டறதில்ல சார். அதனாலதான் படிக்க நேரம் ஜாஸ்தி கிடைக்குது."

அடுத்த ஜூன் மாதம் புதிதாகச் சில பையன்கள் வந்து, சென்னைக்கு மனுப்போடப் பாடம் தவிர வேறு என்ன செய்தால் நல்லது என்று கேட்டார்கள். சம்பளம் வாங்குகிறேனே, ஏதோ சொல்லி அனுப்பினேன்.