துணியின் மறுமுனை

1954 மார்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு நானும் உம்மாவும் நாகர்கோவில் கோட்டாற்றில் பஸ் ஏறினோம். தக்கலைக்குப் பத்து மைல், ஆளுக்கு ஐந்தணா. அங்கிருந்து கருங்கல் வழியாகத் தேங்காய்ப்பட்டணத்துக்கு இன்னொரு பஸ், பன்னிரண்டு மைல். ஷேகிடம் பைஅத் பெறுவதற்காகப் போனேன். ஸூஃபி வழியில் நடக்க விரும்புகிறவர் குருவான ஷேகின் கையைப் பிடித்து உறுதி சொல்வதுதான் பைஅத். பெண்களுக்கு ஷேகு கையைக் கொடுப்பதில்லை. அவர் தோள்துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். மறுமுனையை நாம் பிடிக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒரு வருஷமாக வியாழக்கிழமை மாலைகளில் ஷேகின் சீடர்கள் எங்கள் தெருவில் கூடி ஓதும் திக்ரை ஜன்னலுக்கு இப்பால் இருந்து கேட்டு வந்தேன். இறைவன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த ஓதலில் படித்துப் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் அது முடியும்போது என் முகம் நனைந்திருக்கும். எல்லாவற்றையும் படித்தே தெரிந்துகொண்ட எனக்கு அது பிடிபடவில்லை.

பைஅத்துக்கு முன்பு ஒரு கடமை உண்டு. நாம் யாரை நோகடித்தோமோ அவரிடம் பொருத்தம் கேட்க வேண்டும். அவர் மனமார மன்னித்து "பொருந்திக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்படி ஒருத்தி உண்டு, என் மூத்த சகோதரி, ராத்தா. வாப்பா இறந்த பிறகு வீடுவீடாகக் கூலிக்கு நெல் குத்தி என்னைப் படிக்க வைத்தவள். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள், மறந்து வைத்துவிட்ட சோற்றுப் பாத்திரத்தைப் பள்ளிக்கே கொண்டுவந்தாள். முந்தானையெல்லாம் தவிடு. இது யார் என்று ஆசிரியை கேட்டார். "நெல் குத்துகிறவள்" என்றேன். ராத்தா பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதன்பின் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

இப்போது அவள் திட்டுவிளையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பயணத்துக்கு முந்தின மாதம், அன்று பள்ளியில் நடந்ததை எல்லாம் விவரமாக எழுதி, பொருத்தம் கேட்டு அவளுக்குக் கடிதம் போட்டேன். இரண்டு முறை திருத்தி எழுதிய நல்ல கடிதம். பதில் வரவில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; மச்சான், அவள் புருஷன், வாசித்துச் சொல்வார் என்று நினைத்தேன். பதிலை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

தக்கலையில் ஏறிய பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மீன்காரப் பெண் வெறுங்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். என் கையில் பேனாவைப் பார்த்துவிட்டு, கொச்சியில் இருக்கும் மகனுக்கு ஒரு கார்டு எழுதித் தரச் சொன்னாள். போஸ்டாபீஸ் வாசலில் எழுதுகிறவரிடம் போகக் கூடாதா என்றேன்.

"அவன் எழுதினா எனக்க சங்கடம் அவனுக்க சங்கடமாட்டுல்லா போவுது மக்கா" என்றாள்.

குலுங்கும் பஸ்ஸில் ஒரு எழுத்துக்கூடக் கோணாமல் எழுதிக் கொடுத்தேன். உம்மாவுக்குப் பெருமை. எனக்கும்தான்.

ஒன்பதரைக்குத் தேங்காய்ப்பட்டணம். ஆறு கடலில் சேரும் இடம். கயிற்றுக்காக ஊறவைத்த தேங்காய்மட்டையின் நாற்றம் ஊரெங்கும். ஓலைக்கூரை வீட்டில் ஷேகு அரைத் திரைக்கு அப்பால் இருந்தார். வெள்ளைத் துணியின் முனை திரைக்கு அடியில் என்னிடம் வந்தது. பிடித்தேன். யாரிடமாவது பொருத்தம் வாங்க வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். ராத்தாவையும் கடிதத்தையும் பற்றிச் சொன்னேன்.

"அவ பொருந்திட்டேன்னு சொன்னாளா?"

பதில் வரவில்லை என்றேன். துணி என் விரல்களிலிருந்து மெல்ல நழுவித் திரைக்கு அப்பால் போனது.

"வாயால கேளு மோளே, காதால வாங்கு. பெறவு வா."

நாகர்கோவிலுக்குத் திரும்பியபோது மணி இரண்டு. சாப்பிடாமலே வடசேரியில் திட்டுவிளை பஸ் ஏறினோம். ஆறு மைல், மூன்றணா. இறச்சகுளம் தாண்டியதும் இருபுறமும் கும்பப்பூ நெல் அறுத்த வயல்கள்; களங்களில் சூடடித்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்தாவின் மாமியார் முன்னறையில் உம்மாவை உட்கார வைத்தார். நான் பின்கட்டுக்குப் போனேன். ராத்தா உரலடியில் நின்றாள். மாதக்கணக்கில் பார்க்காத கைகளைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பின் ஆறிப்போயிருந்த காய்ப்புகள் திரும்ப வந்திருந்தன. பொருத்தம் கேட்டேன்.

அவள் உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"நான் கூலிக்கு நெல்லு குத்தினது இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. பெண்ணு பேசும்போ உம்மாவும் சொல்லல்ல. கடுதாசி வந்தன்னைக்கு மச்சான் வீட்டுல இல்ல. மாமி போஸ்ட்மேன வாசல் முத்தத்துல நிறுத்தி வாசிக்கச் சொன்னாவ. அவனும் நல்ல சத்தமா வாசிச்சான். கைப்பழக்கம் உள்ளவதானேன்னு இப்ப எல்லா நெல்லும் நான்தான் குத்தணும்."

அவள் குனிந்து உரலடியில் சிதறிய நெல்லை அள்ளி உரலில் போட்டாள்.

"பள்ளிக்கூடத்துல சொன்னதுக்கு அன்னைக்கே பொருந்திட்டேன் மக்கா. நீ அப்ப சின்னப் பிள்ள. இந்தக் கடுதாசிக்குப் பொருந்த எனக்கு முடியல்ல. நீ இத எனக்கா எழுதின, ஷேகுக்கா?"

அரிசிப் பானைக்குள் கைவிட்டுக் கடிதத்தை எடுத்தாள்.

"நீயே ஒருக்கா வாசி. அவன் சத்தத்துலதான் கேட்டிருக்கேன்."

வாசித்தேன். எவ்வளவு அழகான தமிழ். முந்தானைத் தவிட்டைக்கூட விடவில்லை. 'நெல் குத்துகிறவள்' என்ற இடம் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. ராத்தா காத்திருந்தாள். மேலே வாசிக்க என்னால் முடியவில்லை. முன்னறையிலிருந்து மாமியார் கூப்பிட்டார். அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் அரிசிக்குள் புதைத்துவிட்டு உலக்கையை எடுத்தாள்.

"பஸ்ஸு வந்துரும். உம்மா ஒண்ணும் சாப்பிடல்ல போலிருக்கு. கூட்டிட்டுப் போ."

ஐந்தரை மணிக்குப் பஸ் ஏறினோம். தெருமுனை வரை உலக்கைச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் இப்போது மில் அரிசி. ராத்தாவின் பழைய உலக்கை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. அன்று வந்ததும் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

தேங்காய்ப்பட்டணம் போக விரும்புகிறவர்களுக்குப் பஸ்ஸையும் மைலையும் மேலே எழுதிவிட்டேன். நான் மறுபடி அங்கே போகவில்லை. திட்டுவிளைக்கு மூன்றணாதான். மாதம் ஒருமுறை போய் வருகிறேன். ராத்தா தேயிலை போட்டுத் தருவாள். அவளோடு நானும் ஒரு உலக்கை பிடிப்பேன். அந்தச் சொல்லை அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் இன்னொரு கடிதம் எழுதவில்லை.