இருட்டிப் போன ஆட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை முசியே லியோ என்னை அறையைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். நான் செய்ததெல்லாம் ஆறுதல் சொன்னதுதான்!

லியோவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கனடாவில், மாண்ட்ரியலுக்குப் பக்கத்து ஊரான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு முதியோர் இல்லம். வாரம் ஒருமுறை அங்கே போய் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவேன். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். சாவைப் பற்றிப் பயமில்லை. ஒரே ஒரு பேஸ்பால் ஆட்டம்தான் மனசை அரித்துக்கொண்டிருந்தது.

இந்த வருடம், 1994-இல், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் என்று சீசனையே பாதியில் நிறுத்திவிட்டார்கள், இல்லையா? அந்தச் செய்தியைப் படித்தேன். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார்.

இந்த நூற்றாண்டு பிறந்த புதிது. லியோவின் அண்ணன் மாண்ட்ரியல் டீமில் பந்து வீசுகிறவர். சம்பளத்துக்கு ஆடும் லீக் ஆட்டம். எதிரே, முதலிடத்தில் இருந்த அமெரிக்க டீம். லியோ அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். இரண்டு டீமுக்கும் தலா இரண்டு ரன்... யாராவது ஜெயிக்கும்வரை ஆட வேண்டும் என்று கூடுதல் இன்னிங்ஸ் போய்க்கொண்டே இருந்தது. மைதானத்தில் விளக்கு கிடையாது. பந்தே தெரியவில்லை என்று அம்பயர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். இன்னொரு நாள் மறுபடி ஆடுவதாக ஏற்பாடு. அதற்குள் அண்ணனுக்கு டைபாய்டு. போய்விட்டார்.

"மறுபடி ஆடியிருந்தால் அவன் ஜெயித்திருப்பானா?" வருகிற எல்லோரிடமும் லியோ இதைத்தான் கேட்பார்.

"நிச்சயமாக!" என்றேன். அவர் மகள் நிக்கோல் சொல்வதும் அதுதான், நர்ஸ்கள் சொல்வதும் அதுதான்.

"பொய்! வெளியே போ!"

அந்த நேரம் பார்த்துப் படுக்கை விரிப்பு மாற்ற வந்தார் யோகன். மட்டக்களப்புக்காரர். அங்கே உதவியாளர்.

"என்னக்கா, ஏன் இவர் பாயுறார்?"

கதையைச் சொன்னேன். யோகன் விரிப்பைப் போட்டுவிட்டு, லியோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. பிரெஞ்சில் வாழ்த்து வேறு!

நான் குறுக்கிட்டேன். "யோகன், அவர் துக்கத்தைச் சொல்றார்..."

"என்ன துக்கம்? முதலிடத்து டீமோட டிரா! எங்கட பள்ளிக்கூடம் கொழும்புப் பெடியளோட கிரிக்கெட்டில அப்பிடி டிரா எடுத்தா ஊரே வெடி கொளுத்தும், அக்கா."

பிறகு லியோ பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார்: "இருட்டும்வரை உங்கள் அண்ணனை யாராவது தோற்கடித்தார்களா, முசியே?"

"இல்லை."

"அவர் தோற்கவில்லையே! பிறகென்ன?"

பேஸ்பாலில் டிராவுக்கு ஏது மரியாதை? கிரிக்கெட்டில் வளர்ந்தவருக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும். லியோ அவரையே பார்த்தார். பிறகு, பிடித்த கையை விடாமல், ஓவென்று அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

ஒன்று கேட்கிறேன்... கஷ்டப்படுகிறவர் கையில் நாம் ஏன் உடனே ஒரு வெற்றியைத் திணிக்கிறோம்? 'எழுதியிருந்தா பாஸாயிருப்பான்', 'கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பிழைச்சிருப்பார்' — நடக்காததை வைத்து என்ன ஆறுதல்? யோகன் நடந்ததிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு அப்பா அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்று நிக்கோல் போனில் சொன்னாள். யோகன் சொன்னதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். வியாழக்கிழமை லியோ போய்விட்டார்.

நேற்று அடக்கம். அண்ணனுக்குப் பக்கத்திலேயே. பெட்டி இறங்கும்போது எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யோகன் கைதட்டினார்! அவுட்டாகாமல் திரும்பி வரும் ஆட்டக்காரருக்குத் தட்டுவார்களே, அப்படி... நிதானமாக. பாதிரியார் நிமிர்ந்து பார்த்தார். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை தட்டத் தொடங்கியது. நிக்கோல்.