மருமகள்களைக் கணக்கெடுத்த கதை

போன வாரம் எங்கள் ஹெல்த் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். கொடைக்கானல் மலையில் இன்னும் மூன்று கிராமங்களுக்குத் தாய்சேய் நல விடுதி வரப்போகிறது. எங்கெங்கே வைக்கலாம் என்று கணக்கெடுக்க வேண்டும். நல்ல சேதிதானே! பென்சிலைச் சீவிக்கொண்டு போய் நின்றேன்.

"இந்தத் தடவை மருமகளை எண்ணாதேய்யா. மகளை எண்ணு" என்றார்.

புதிதாக வந்த டைப்பிஸ்ட் திருதிருவென்று விழித்தார். பெரியவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. ஏன் என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம், வில்பட்டிக்கும் அப்பால், மூன்று மணி நேரம் நடந்தே போகவேண்டிய ஓர் ஊரில் இப்படியொரு விடுதி திறந்தோம். ஊர்ப்பெயர் வேண்டாம். அங்கே எனக்கு இன்னும் சோறு போடுகிறார்கள்... கெடுத்துக்கொள்வானேன்?

கணக்கெடுத்தவன் அடியேன்தான். வீடு வீடாக ஏறி இறங்கி, எட்டுக் கர்ப்பிணிகள் என்று எழுதிக்கொண்டு வந்தேன். எட்டு! ஆபீசர் உடனே நர்ஸைப் போட்டுவிட்டார். மரகதம் என்று பெயர். திண்டுக்கல் பெண், ட்ரெயினிங் முடித்த கையோடு வந்தவள். தைரியசாலி. அட்டை கடித்தால் மட்டும் ஊரே கேட்க அலறுவாள்.

ஆறு மாதம் கழித்து இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனோம். ரிஜிஸ்டரைத் திறந்தால்... பிரசவப் பக்கத்தில் ஒரு பெயர்கூட இல்லை. என்னுடைய எட்டுப் பேர் எங்கே?

ஆறு பேருக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். மற்ற இருவரும் பெற்றுப் பழகியவர்கள். பழைய மருத்துவச்சியே போதும் என்று வீட்டிலேயே பெற்றுவிட்டார்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எனக்குத் தெரியாதா? என் மனைவியே அப்படிப் போனவள்தான். பேனாவைக் கையில் பிடித்தால் புத்தி எங்கேதான் போய்விடுமோ!

ஆபீசருக்குச் சரியான கோபம். "கீழே எத்தனையோ ஊர்ல நர்ஸ் வேணும்னு மனு போட்டுட்டுக் காத்திருக்காங்க. இங்கே இந்தப் பொண்ணு ஈ ஓட்டிக்கிட்டு இருக்கு. மூடிடலாம். நோட் எழுதுய்யா."

மரகதம் ஏற்கெனவே துடைத்த கத்தரிக்கோலையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. தப்புப் பண்ணியவன் நான், தண்டனை அவளுக்கு. எனக்கு அவமானமாக இருந்தது.

விடுதிக்குத் தன் வீட்டில் பாதியைக் கொடுத்திருந்த குருவம்மா வாசலில் நின்றார். "மூடிருவீகளா சாமி? இப்பத்தான வந்துச்சு இந்தப் புள்ள!"

ஏதாவது பேசவேண்டுமே என்று கேட்டேன். "உங்க மருமகளுக எல்லாம் அம்மா வீட்டுக்குப் போயாச்சு. சரி... உங்க மகளுக மட்டும் ஏன் இங்கே வரலை?"

"யாரு அனுப்புவா? எம்மக பேச்சி பழனிப் பக்கம் வாக்கப்பட்டுருக்கா. இப்ப ஆறு மாசம். 'மலைக்கு அனுப்ப மாட்டோம், அங்க ஒண்ணுன்னா பாக்க ஆரு இருக்கா'ன்னு சம்பந்தியம்மா சொல்லிருச்சு. மூத்தவளையும் இப்படித்தேன் அனுப்பல. பெத்தவ நானு, விருந்தாளி மாதிரி போயிப் பேரப்புள்ளையப் பாத்துட்டு வந்தேன்..."

"இப்பத்தான் பார்க்க ஆள் இருக்கே!" என்றேன்.

குருவம்மா என்னைப் பார்த்தார். மரகதத்தைப் பார்த்தார். "அட, ஆமால்ல!"

விடுதி வந்து ஆறு மாதம். ஊரில் ஒருத்தருக்கும் இதைச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. எங்கள் ஆபீசுக்கும் தோன்றவில்லை... அது வழக்கம்தான்.

"மூணு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்றார் ஆபீசர்.

மறுநாள் வெள்ளனே குருவம்மாவும் மரகதமும் மலை இறங்கிவிட்டார்கள். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் மரகதம் தன் பையைப் பிரித்து, கத்தரிக்கோல், ரப்பர் ஷீட், குழந்தையை நிறுக்கும் தராசு எல்லாவற்றையும் பரப்பினாளாம்.

"நீயே சின்னப்புள்ளையா இருக்கியே தாயி... ஒனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாராம் சம்பந்தியம்மா.

"பிரசவம் பாக்கத் தெரியும்மா. சிக்கல்னா எப்ப டோலி கட்டி கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்னும் தெரியும். சந்தேகமா இருந்தா நீங்களும் கூட வாங்க."

வந்தே விட்டார்!

மூன்று மாதம் கழித்துப் போனோம். தூரத்திலேயே வளையல் சத்தம். விடுதி வாசலில் நாலு பெண்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஊர் மகள்கள். உள்ளே பேச்சி; பக்கத்தில், பிறந்து ஐந்து நாளான பெண் குழந்தை. அடுப்படியில் இரண்டு சம்பந்திகளும் கஷாயத்துக்கு எத்தனை மிளகு என்று சண்டை. மரகதத்துக்கு எங்களை வாங்க என்று சொல்லவும் நேரமில்லை. எனக்கு அங்கேயே விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

ஆபீசர் ரிஜிஸ்டரைத் திறந்தார். விரலால் ஒவ்வொரு விலாசமாகத் தடவினார். முகம் மாறியது.

"எல்லாம் வெளியூர்க் கேஸ். ரூல்படி உள்ளூர்க்காரங்கதான் கணக்குல சேரும். நான் என்ன பண்ண?"

கையில் கரண்டியோடு வந்தார் குருவம்மா. "ஆரு வெளியூரு? எம்மகளா? இந்த ஓடைத் தண்ணி குடிச்சு வளந்தவ சாமி. கட்டிக் குடுத்துட்டா வெளியூராயிருவாளா? ஒங்களுக்குப் பொம்பளப்புள்ள இருக்கா?"

ஆபீசருக்கு மூன்று பெண்கள். மூவரையும் கட்டிக் கொடுத்தாயிற்று. அவர் என்னைப் பார்த்தார். நான் பட்டாணியைப் பார்த்தேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"எழுதுய்யா. விடுதி தொடர்ந்து நடக்கணும்."

"சரி சார். இந்த விலாசக் கட்டத்துல என்ன போட?"

"அம்மா வீடுன்னு போடு."

போட்டேன். இத்தனை வருஷ சர்க்கார் உத்தியோகத்தில், நான் எழுதிய ஒரே சரியான விலாசம் அதுதான்.